காளியாயி எதிர் சோலைமலை மற்றும் நாற்பத்தேழு பேர்

மூங்கிலோடைத் தோட்டத்துக்கு ஒரே நாளில் நாற்பத்தெட்டுப் பதிவுத் தபால்கள் வந்தது அந்த ஒரு தடவைதான். தபால் ஆள் நல்லமுத்து அவற்றை உரச்சாக்கில் கட்டித் தோளில் தூக்கி வந்து, காலைப் பெரட்டு நடக்கிற களத்தில் இறக்கினான். வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற சனம் முழுக்க, நிவாரணம் ஏதோ வந்திருக்கிறது என்று அவனைச் சுற்றிக்கொண்டது. அவன் பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள்.

உறையின் மேல் அரசாங்க முத்திரை. உள்ளே இங்கிலீஷும் சிங்களமும். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கொழும்பு உயர் நீதிமன்றத்துல இருந்து வந்திருக்கு. மனுதாரர் காளியாயி. பிரதிவாதிங்கன்னு உங்க எல்லாரு பேரும் போட்டிருக்கு."

நாற்பத்தெட்டுத் தலையும் ஒருசேரத் திரும்பின. களத்தின் ஓரத்தில், கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்த காளியாயிக்கே அது புதுச் செய்திதான். வழக்குப் போட்டுக் கொடுத்த லோயர் பேர்களெல்லாம் கேட்டபோது எதற்கென்று அவள் கேட்கவில்லை. புது வீட்டு லிஸ்டில் இருக்கிற எல்லோரையும் சேர்க்க வேண்டும், சட்டம் அப்படி என்று சொன்னார்கள், தலையாட்டினாள். இப்படிச் சாக்கில் கட்டி வரும் என்று யார் கண்டது?

"நாம என்னம்மா பண்ணோம் ஒனக்கு?" என்றார் பழனியாண்டி. வயதில் மூத்தவர், நாலாம் லயம் என்கிற வரிசை வீட்டில் அவளுக்கு மூன்று காம்பரா தள்ளி இருப்பவர். காளியாயி கூடையை முதுகில் சரித்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

காளியாயி வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இருபது வயதில் அழகுமுத்துவைக் கட்டிக்கொண்டு மூங்கிலோடைக்கு வந்தாள். நாலாம் லயத்து ஆறாம் நம்பர் காம்பராவில்தான் குடித்தனம். அதே காம்பராவில் அழகுமுத்துவின் தம்பி சோலைமலையும் கல்யாணம் முடித்துக் குடியேறினான். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைத்தார்கள். பலகை கூரை வரைக்கும் எட்டாது, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாண்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்பார்கள், உறவு நன்றாக இருந்த காலத்தில்.

அழகுமுத்து மலையில் குளவி கொட்டிச் செத்தான். மகள் சர்மிளாவுக்கு அப்போது எட்டு வயது. மறு வருசமே ஒரு சட்டிக் குழம்பில் தொடங்கிய பேச்சு அடுப்பு பிரிவதில் முடிந்தது. தோட்டத்தில் அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று அர்த்தம். அதற்குக் காகிதம் எதுவும் தேவையில்லை. கோயில் கமிட்டிகூட அன்றிலிருந்து காளியாயியிடம் தனியாகத்தான் தலைக்கட்டு வரி வாங்கியது. பக்கத்துக் காம்பராவில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். தெரியாதது ஆபீஸ் புத்தகத்துக்குத்தான். அதில் ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பம், குடும்பத் தலைவர் சோலைமலை.

அரசாங்கம் புது வீட்டுத் திட்டம் கொண்டுவந்து, நாலாம் லயமும் அஞ்சாம் லயமும் மண் சரியக்கூடிய இடம் என்று எழுதிப்போய், வீடு கிடைப்பவர்களின் லிஸ்டை ஆபீஸ் பலகையில் ஒட்டியபோது, அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். நாற்பத்தெட்டுப் பேர். ஆறாம் நம்பருக்கு நேராக சோலைமலை. காளியாயியும் மகளும் அவனுடைய ஆட்கள்.

சர்மிளாவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சோலைமலையின் இரண்டு மகன்கள் மீசை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் பிள்ளை பள்ளிக்கூட உடுப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, லயத்துக் கடைசியில் உள்ள கக்கூசுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தது. மழை நாளில் வெள்ளைச் சட்டையின் ஓரம் நனைந்தே வரும். காளியாயிக்கு மாடி வேண்டாம், தோட்டம் வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு வேண்டும். சோலைமலைக்குக் கிடைக்கப்போகும் வீட்டிலும் போய் இன்னொரு பலகை அடிப்பதற்கு அவள் தயாராக இல்லை.

தொழிற்சங்கத் தலைவரைப் பார்த்தாள். அடுத்த லிஸ்டில் பார்க்கலாம் என்றார். ஆபீசுக்குப் போனாள். கிராம சேவகரைப் பார்க்க மூன்று நாள் பேர் கொடுக்காமல் போனாள். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். கடைசியில் ஹட்டனில் சட்ட உதவிக்காக வழக்குப் பேசும் ஷிராணி என்ற லோயரிடம் போய் நின்றாள். ஷிராணியும் தோட்டத்தில் பிறந்தவர்தான், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கதையைக் கேட்டுவிட்டு ஷிராணி கலண்டரை எடுத்து விரல் வைத்து எண்ணினார்.

"லிஸ்ட் ஒட்டி இருபத்தாறு நாளாச்சு. அரசாங்கம் உங்க உரிமைய மீறினா நேரா உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனா ஒரு மாசத்துக்குள்ள போகணும். மிச்சம் நாலு நாள்தான் இருக்கு. முதல்லயே வந்திருக்கக் கூடாதா?"

"முதல்ல தலைவர்கிட்டத்தானே போகணும்," என்றாள் காளியாயி.

ஷிராணி தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அறையில் தடித்தடியாகத் தீர்ப்புப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றைக் காட்டி, எழுபது வருசத்துக்கு முன்னால் தோட்டத்துக்காரர்கள் ஓட்டுரிமை கேட்டு கொழும்புக் கோர்ட்டுக்கும், அதற்கு மேலே சீமைக்கும் வழக்கு கொண்டுபோனார்கள் என்றார்.

"ஜெயிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இத எங்கிட்ட சொல்றீங்க?"

"தோத்ததையும் எழுதி வச்சிருக்காங்கன்னு சொல்றேன். போகாதவங்கள யாரும் எழுதி வைக்கல."

காளியாயிக்கு அந்தப் பேச்சு பெரிதாகப் படவில்லை. எழுதி வைப்பதற்காக அவள் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

மனு நாலாம் நாள் போய்ச் சேர்ந்தது. மூன்று நீதியரசர்கள் பார்த்துவிட்டு, வழக்கு முடியும் வரை அந்த லிஸ்டின்படி எதுவும் செய்யக் கூடாது என்று தடை உத்தரவு போட்டார்கள். அத்திவாரம் வெட்டிய இடத்தில் வேலை நின்றது. அதற்கு அடுத்த வாரந்தான் அந்தச் சாக்குத் தபால் வந்தது.

தபால் வந்த அன்று மாலையே கோயிலில் கூட்டம். வழக்கில் பேர் வந்தால் அது குற்றம் சாட்டியதுதான் என்று தலைவரில் இருந்து தபால் நல்லமுத்து வரைக்கும் எல்லோரும் நம்பினார்கள். கோர்ட்டுக் கடுதாசி என்றால் நுவரெலியாவில் இருந்து போலீஸ் ராலாமி வருவார், பிடித்துக்கொண்டு போவார். அவர்களுக்குத் தெரிந்த கோர்ட்டு அதுதான். அப்படி வரும்போது ஆம்பிளைகள் தேயிலைக்குள் இறங்கிப் படுத்துக்கொள்வார்கள். ராலாமி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு அலுத்துப் போய்விடுவார். கொழும்புக்காரனுக்கும் அதே மருந்துதான் என்று முடிவாயிற்று. யாரும் போகக் கூடாது, யாரும் பதில் எழுதக் கூடாது. நாற்பத்தெட்டுக் கடுதாசியையும் மஞ்சள் துணியில் கட்டி முனியாண்டி சாமியின் காலடியில் வைத்தார்கள். பழனியாண்டி அதோடும் நிற்காமல் வலப்பனையில் மகள் வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் ஒளிந்திருந்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பேர் கேஸ்காரி. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அவள் குடம் கடைசிக்கு நகர்ந்திருக்கும். மலையில் அவளுக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்க மாட்டார்கள். திருவிழாவுக்குக் கொண்டுபோன தேங்காய்த் தட்டு உடைக்காமல் திரும்பி வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சோலைமலையின் மனைவி செல்லக்கண்ணு, சர்மிளா புத்தகத்தை எடுத்தால் டிவியைக் கூட்டி வைத்தாள். பிள்ளை சோதனைக்குப் படித்ததெல்லாம் லயத்து வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு.

காளியாயியும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஷிராணி கொடுத்த மனுவின் பிரதியை மகளை விட்டு வாசிக்கச் சொல்லி, யார் எத்தனையாம் பிரதிவாதி என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். முதல் ஆறு பேர் அதிகாரிகள். ஏழாவது சோலைமலை. அங்கிருந்து ஐம்பத்து நாலு வரைக்கும் தோட்டத்துச் சனம். பீலியில் யாராவது குடத்தை நகர்த்தினால், "என்ன பன்னெண்டாம் பிரதிவாதி, அவசரமா?" என்பாள். கோயில் கமிட்டிக்காரரைப் பார்த்து, "முப்பத்தொண்ணு வருது, வழி விடு சர்மிளா" என்பாள். நம்பர் போட்டுக் கூப்பிட்டதும் அவர்கள் வழியை மாற்றிக்கொள்வார்கள். ஜெயிலில்தானே நம்பர் கொடுப்பார்கள்? அப்புறம் அடுப்பு. அவள் அடுப்பு காற்று வாக்கில் இருந்தது. செல்லக்கண்ணு டிவியைக் கூட்டினால், இவள் ஈரம் காயாத தேயிலைக் குச்சியை, பச்சை மிலாறை, அடுப்பில் சொருகுவாள். புகை பலகைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். செல்லக்கண்ணுவுக்கு இழுப்பு உண்டு என்பது தெரிந்தேதான் சொருகினாள். அதை நியாயம் என்று அவள் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படி இரண்டு வருசம் போயிற்று. கொரோனா வந்தது, கோர்ட்டை மூடினார்கள், திறந்தார்கள். வழக்கைக் கூப்பிட்ட நாளிலெல்லாம் ஏழில் இருந்து ஐம்பத்து நாலு வரை ஆஜர் இல்லை என்று எழுதினார்கள். அத்திவாரக் குழிகளில் தண்ணீர் நின்று தவளை கத்தியது.

இரண்டாம் வருசத்து ஐப்பசி மழையில், பகல் இரண்டு மணிக்கு நாலாம் லயத்துப் பின்பக்கத்து மண்மேடு சரிந்தது. லயம் முழுக்கப் போகவில்லை. பழனியாண்டி வீட்டில் சமைக்கிற குசினி மட்டும் மூடிப்போயிற்று. உள்ளே அவர் மனைவி இருந்தாள்.

காளியாயி மலையில் இருந்து ஓடி வந்து, வழியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனபோது பழனியாண்டி குறுக்கே நின்றார். முகமெல்லாம் சேறு.

"நீ கை வைக்காத. நீ வெட்டுன குழி இது."

அவள் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் இருந்து வெட்டத் தொடங்கினாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் இடமும் விடவில்லை. முக்கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணை உயிரோடு எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காளியாயி தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். பழனியாண்டியின் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காளியாயி தூக்குச்சட்டியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் நல்லமுத்து அதை மூடி திறக்காமலே கொண்டுவந்து கொடுத்தான், பதிவுத் தபால் கொடுக்கிற அதே முகத்தோடு.

அதற்கடுத்த நாள் அவள் ஹட்டனுக்குப் போனாள்.

"கேஸ வாபஸ் எடுத்துருங்க," என்றாள்.

ஷிராணி கதையைக் கேட்டார். வாபஸ் வாங்கத் தேவையில்லை என்றார். லிஸ்டில் உள்ளவர்களில் யாராவது ஒருவர் கோர்ட்டுக்கு வந்து, நாங்கள் மண்ணுக்கடியில் இருக்கிறோம், கட்ட விடுங்கள் என்று கேட்டால், காளியாயிக்கு ஒரு துண்டு நிலத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதைக் கட்டச் சொல்லலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நாங்களும் சொல்லுவோம். வழக்கைக் கூப்பிட்ட முதல் தவணையிலேயே இதைச் செய்திருக்கலாம். அவர்களுக்குக் கடுதாசி அனுப்பியதே அதற்குத்தான்.

"இத ஏன் ரெண்டு வருசமா எங்கிட்ட சொல்லல?"

"அவங்க வரமாட்டாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. வீடு நிக்குதுன்னா யாரும் வராம இருப்பாங்களா?"

"நீங்க தோட்டத்துல பொறந்தவங்கதானே?" என்று கேட்டாள் காளியாயி. ஷிராணி முகம் சிவந்து பைலைப் புரட்டினார். "நாமளே கேட்டா என்ன?" என்றதற்கு, நாமே தடையை எடுக்கச் சொன்னால் நமக்கே வழக்கில் அக்கறை இல்லை என்று எதிர்ப்பக்கத்து லோயர் எழும்பிவிடுவார் என்றார். எதிரில் இருந்து ஒரு ஆள் வேண்டும். பெரிய நீதியரசர்களுக்கு முன்னால் வந்து அவளுக்கு எதிராகப் பேசத் துணிந்த ஒரு ஆள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு வருசத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

"தம்பி."

டிவி நின்றது.

"வர்ற மாசம் பதினாலாந் தேதி கேஸ். நீ கொழும்புல புதுக்கடைக் கோர்ட்டுக்கு வந்து எனக்கு எதிராப் பேசணும்."

அந்தப் பக்கம் செல்லக்கண்ணு, "என்னாவாம்?" என்றாள்.

"எனக்குக் காது கேக்குது, நீ சும்மா இரு," என்றான் சோலைமலை. பலகையைப் பார்த்து, "எங்கள உள்ள தள்ளுறதுக்கு வழி பண்றியாண்ணி?" என்றான்.

"உள்ள தள்ளுறதா இருந்தா ரெண்டு வருசமா எதுக்குடா காத்துக்கிட்டு இருக்கேன், உன் கொறட்டையக் கேக்குறதுக்கா? ஒருத்தன் வந்து, வீடு வேணும், கட்ட விடுங்கன்னு சொன்னாப் போதும். கட்ட விட்டுருவாங்க. எனக்குன்னு ஒரு துண்டு மட்டும் நிப்பாட்டி வைப்பாங்க."

"அப்ப உனக்கும் வேணும்."

"பின்ன? தானம் பண்றதுக்கா கேஸ் போட்டேன்?"

இதைத்தான் சோலைமலை நம்பினான். அவள் நல்லது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். கோயிலில் மறுபடியும் கூட்டம் போட்டார்கள். மஞ்சள் துணியை அவிழ்த்து அவனுடைய கடுதாசியை மட்டும் எடுத்தார்கள். பிடித்தால் ஒருத்தனைத்தானே பிடிப்பான் என்று தலைவர் சொன்னதைச் செல்லக்கண்ணு கடைசிவரை மறக்கவில்லை. புருசனுக்கு இரண்டு சாரம், ஒரு துவாய், சவர்க்காரம், ஒரு மாசத்துக்குப் போதுமான வெற்றிலை எல்லாம் பையில் வைத்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள்.

வட்டகொடை ஸ்டேசனில் இருவரும் ஒரே ரயிலில் ஏறினார்கள். ஒரே பெட்டிதான், ஆளுக்கொரு மூலை. நாவலப்பிட்டியில் சோலைமலை வடை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பித் தின்றான். காளியாயி கட்டிக்கொண்டு வந்த ரொட்டியை அவிழ்த்தாள். ஆறு மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கியபோது மட்டும், தவறான பக்கம் நடக்கத் தொடங்கியவனைப் பார்த்து, "அந்தப் பக்கம் இல்ல" என்றாள். அவன் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனான், அவள் ஷிராணி ஏற்பாடு செய்த கன்னியாஸ்திரிகள் விடுதிக்குப் போனாள்.

மறுநாள் கோர்ட்டில், மேலே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கத்தில் ஒரு பெண் நீதியரசர், நரைத்த தலை. பேச்செல்லாம் இங்கிலீஷில் போயிற்று. ஏழாம் பிரதிவாதி நேரில் வந்திருக்கிறார், லோயர் இல்லை என்று சொன்னதும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்க்கிறவரை அழைத்தார்கள். சோலைமலை பையைத் தோளில் இருந்து இறக்காமலே எழும்பி நின்றான்.

இரண்டு வருடமாக ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"புடிச்சு உள்ள போட்டுருவீங்கன்னு பயந்துங்க."

பின்வரிசையில் இளம் லோயர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். வீடு வேண்டுமா என்று கேட்டார். சோலைமலை மண் சரிந்ததையும் பழனியாண்டி மனைவியின் காலையும் சொன்னான். நன்றாகவே சொன்னான். காளியாயிக்கே கொஞ்சம் ஆச்சரியம். அதோடு உட்கார்ந்திருக்கலாம். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்டார்.

"நாங்க நாலு பேருங்க."

மனுதாரரும் மகளும் சேர்ந்தா?

"அவங்க எங்க வீடு இல்லைங்க. அவங்க பலகைக்கு அந்தப் பக்கம்." இரண்டு வருசத்துக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆட்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்பது அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. "அவங்க அடுப்புப் பொகை பூரா எங்க பக்கந்தாங்க வருது. வேணும்னே பச்ச வெறகு வைக்கிறாங்க. எம் பொண்டாட்டி இழுப்புக்காரிங்க."

தனி அடுப்பா, என்று கேட்டார் அந்த அம்மா.

"தனி அடுப்புதாங்க. அண்ணன் செத்த மறுவருசமே பிரிச்சாச்சு. அரிசி வேற, உப்பு வேற, கோயில் வரியும் வேற. அவங்களுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுங்க."

மொழிபெயர்க்கிறவர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது, அரசாங்கத்து லோயர் பைலுக்குள் முகத்தைக் கொண்டுபோனார். ஷிராணியின் பேனா நின்றுவிட்டது. மூன்று நீதியரசர்களும் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். சோலைமலை நன்றாகக் குடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு உட்கார்ந்தான்.

அன்றைக்கே உத்தரவு வந்தது. நாற்பத்தெட்டு வீட்டையும் கட்டலாம். ஏழாம் பிரதிவாதியின் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டை மனுதாரருக்காக நிறுத்தி வைக்க வேண்டும். முழுத் தீர்ப்பு வருவதற்கு மேலும் ஒன்றரை வருசம் ஆயிற்று. இருபத்திரண்டு பக்கம். ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு வைத்து வாழ்கிறவர்கள் தனிக் குடும்பந்தான், அதைத் தோட்டத்துப் புத்தகம் தீர்மானிக்க முடியாது, லிஸ்டில் அவளை விட்டது சமத்துவ உரிமையை மீறியது என்று எழுதியிருந்தது. அதற்கு ஆதாரமாக ஏழாம் பிரதிவாதி திறந்த நீதிமன்றில் தாமாகச் சொன்னது என்று, அரிசி, உப்பு, கோயில் வரி எல்லாம் ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் இருந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இப்போது இதைப் படிக்கிறார்கள் என்றார் ஷிராணி. வழக்கின் பேரில் எதிராளி இடத்தில் முதலாவதாக ஒரு அதிகாரியின் பதவிதான் இருக்கிறதாம். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காளியாயிக்கும் சோலைமலைக்கும் நடந்த கேஸ் என்பார்கள்.

சனம் காளியாயிக்கு நன்றி சொல்லவில்லை. சோலைமலையைத்தான் பிடித்துக்கொண்டது. தோக்கிற கேஸை நீ போய் ஜெயிக்க வைத்துவிட்டு வந்தாயே என்று கள்ளுக் கடையில் கேட்டார்கள். அவள் திட்டம் போட்டுத்தான் தன்னை அழைத்துக்கொண்டு போனாள் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். காளியாயி மறுக்கவில்லை. அடுப்பைப் பற்றி அவன் பேசுவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அவ்வளவு கெட்டிக்காரி என்று அவர்கள் பயப்படுவது பீலியில் உதவியாக இருந்தது. குடம் இப்போது நகர்வதில்லை. அஞ்சாம் லயத்தில் ஒரு காம்பராவுக்குள் இரண்டாம் குடும்பமாக இருந்த நாலு பெண்கள் தங்கள் அடுப்பும் தனிதான் என்று ஆபீசுக்கு எழுதப்போனார்கள். அவர்களும் அவளோடு பேசவில்லை. ஷிராணியின் போன் நம்பரைச் சர்மிளாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

போன வருசம் தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினாள். யாரையும் கூப்பிடவில்லை, யாரும் வரவில்லை. பழனியாண்டியின் மனைவி மட்டும் தடி ஊன்றிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் வந்தாள். காளியாயி வெளியே வந்தாள்.

"உள்ள வாங்கக்கா."

"குளிருக்குக் கால் வலிக்குது," என்றாள் அவள். "மழ பேஞ்சா நிக்கவே முடியல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். காளியாயி படலையைப் பிடித்துக்கொண்டு, அவள் மேட்டைத் தாண்டும் வரைக்கும் நின்றாள். அன்று பாலைத் தாயும் மகளும் குடிக்கவில்லை. மறுநாள் தயிராயிற்று.

பக்கத்து வீடு சோலைமலையுடையது. நடுவில் பலகை இல்லை, எட்டடி நிலமும் கம்பி வேலியும் இருக்கின்றன. காளியாயியின் குசினிக்குப் புகைக்கூண்டு வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆனால் அந்த மேட்டில் காற்று எப்போதும் ஒரே பக்கந்தான் அடிக்கிறது. காலையில் அடுப்பு மூட்டினால் புகை கூண்டைவிட்டு வெளியே வந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, நேராக வேலியைத் தாண்டி அவன் வாசலில் இறங்கும். ஒருநாள் சோலைமலை பல் விளக்கிய குச்சியோடு வேலிக்கு வந்து நின்றான்.

"அண்ணி, ஒனக்கு வேற வேல இல்லையா? இங்கயுமா?"

காளியாயி குசினி ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தாள். கையில் தேயிலை வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் இருந்து கொண்டுவந்த மிலாறு, இன்னும் ஈரம் காயாதது.

"புதுக்கடைக்குப் போய்ச் சொல்லு தம்பி. உன்ன அங்க நல்லாத் தெரியும்."

அவன் வேலியோரத்தில் துப்பிவிட்டுப் போனான். உள்ளே சர்மிளா வேலைக்குப் போக உடுப்பு மாற்ற அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். புதுத் தாழ்ப்பாள், இறுக்கமாக இருக்கிறது, இரண்டு தடவை தட்டினால்தான் விழும். காளியாயி இரண்டாவது தட்டும் விழும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மிலாறை அடுப்பில் சொருகினாள்.